சபா கிடைக்காத சங்கீதம்

மும்பை தாஜ் ஹோட்டலில் தொடங்கி கொல்கத்தா பார்க் ஸ்ட்ரீட் வரை, தொண்ணூறு ஆண்டுகளாக இந்தியாவில் ஜாஸ் ஒலிக்கிறது. வாசித்தவர்கள் யார்? கேட்டவர்கள் யார்? அந்த மேடைகள் ஏன் ஒவ்வொன்றாக மூடின?

1935-ஆம் ஆண்டு. மும்பை அப்போலோ பந்தர் கடற்கரையில் நிற்கும் தாஜ் மஹால் ஹோட்டலுக்குப் புதிதாக ஒரு வாத்தியக் குழு வந்து சேர்ந்தது. தலைவர் லியோன் அபே, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பிறந்த வயலின் கலைஞர். குழுவினர் அவரைப் போலவே கறுப்பினத்தவர்கள். சொந்த நாட்டில் இவர்களைப் போன்ற கலைஞர்கள் பல ஹோட்டல்களில் மேடையேறி வாசிக்கலாம். அதே ஹோட்டலில் அறை எடுத்துத் தங்க முடியாது. மும்பையிலோ, ஓர் இந்தியர் கட்டிய ஹோட்டலின் நடன அரங்கில் ராஜாக்களும் பார்சி செல்வந்தர்களும் ஆங்கிலேய அதிகாரிகளும் இவர்களுடைய இசைக்கு ஆடினார்கள்.

அபேக்குப் பின் டிரம்பெட் கலைஞர் கிரிக்கெட் ஸ்மித் தாஜில் குழு நடத்தினார். பியானோ மேதை டெடி வெதர்ஃபோர்ட் வந்தார். சிகாகோவில் இளம் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்கோடு வாசித்து, ஷாங்காயில் புகழ்பெற்று, அங்கிருந்து இந்தியா வந்தவர். ஆனால் அந்த இரவுகளில் மிகக் கவனமாகக் கேட்டவர்கள் ஆடிக்கொண்டிருந்தவர்கள் அல்லர். சுருதியோடு தாளத்தையும் மூச்சையும் உள்வாங்கியபடி பக்கத்தில் வாத்தியம் பிடித்து உட்கார்ந்திருந்த இந்தியக் கலைஞர்கள்தான். ஃபிராங்க் ஃபெர்னாண்ட் என்ற கோவா இளைஞர் கிரிக்கெட் ஸ்மித்தோடு வாசித்தே ஜாஸ் பழகினார். இந்தியாவில் இந்த இசை பள்ளிக்கூடத்தில் கற்பிக்கப்படவில்லை. மேடையில் கைமாறியது.

அன்றிலிருந்து இன்றுவரை ஒரே கதைதான் திரும்பத் திரும்ப நடக்கிறது. ஓர் இடம் திறக்கிறது. இரவு தவறாமல் அங்கே வாத்தியம் ஒலிக்கிறது. அங்கே வாசித்தும் கேட்டும் ஒரு தலைமுறை உருவாகிறது. பிறகு வரி, சட்டம், வாடகை, அரசியல் என்று ஏதோ ஒன்று வந்து இடம் மூடுகிறது, கலைஞர்கள் கலைந்துபோகிறார்கள்.

அரசவைகளின் ஆதரவு ஓய்ந்தபோது கர்நாடக சங்கீதத்துக்குச் சென்னையில் சபாக்கள் கிடைத்தன. மியூசிக் அகாடமி 1928-லேயே தொடங்கிவிட்டது. பாட்டுக்காகவே டிக்கெட் வாங்கி, பாட்டைக் கேட்கவே உட்காரும் ஒரு கூட்டத்தைச் சபாக்கள் வளர்த்தன. ஜாஸுக்கு இந்தியாவில் கிடைத்தவை ஹோட்டல்களும் ரெஸ்டாரன்ட்டுகளும். சாப்பிடவும் ஆடவும் வந்த கூட்டம்தான் அதற்குப் படியளந்தது. இந்திய ஜாஸின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

கோவாவின் கோயில் பள்ளிகள்

வெளிநாட்டு இசையை இத்தனை வேகமாகக் கோவாக்காரர்களால் எப்படிப் பிடிக்க முடிந்தது? விடை கோவா கிராமங்களின் மாதா கோயில்களில் இருக்கிறது. போர்ச்சுகீசியர் ஆட்சியில் ஒவ்வொரு பங்கிலும் கோயிலை ஒட்டி ஒரு பள்ளி இருந்தது. வழிபாட்டுக்குப் பாடகர் குழுவும் வயலின்காரர்களும் தேவை. அதற்காகச் சிறு பிள்ளைகளுக்கே மேற்கத்திய இசைக்குறிப்பைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். உழவர் வீட்டுப் பிள்ளையும் கப்பல் தொழிலாளியின் பிள்ளையும் எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதிலேயே ஸ்வரக்குறிப்பையும் படித்தார்கள்.

கிராமத்தில் அந்தத் திறமைக்கு வேலை இல்லை; பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்தது. ராணுவ பேண்டுகள், சமஸ்தான பேண்டுகள், ஊமைப்படத்துக்கு வாத்தியம் வாசித்த தியேட்டர்கள், கப்பல்கள், ரயில்வே கிளப்கள் என எங்கும் கோவாக்காரர்கள் போனார்கள். மும்பையில் தோபி தலாவ் பகுதியின் 'கூட்' எனப்படும் கிராமத்து விடுதிகள் அவர்களுக்கு இடம் கொடுத்தன. ஊர்ப் பெயரில் ஒரு கூட். அதில் ஒரு பெட்டி வைக்க இடம், பாய் விரிக்க இடம், மாலையில் ஜெபமாலை. அங்கிருந்து வாத்தியப் பெட்டியோடு கிளம்பி ஹோட்டலுக்கு நடந்தார்கள்.

கோவாவின் அல்டோனா கிராமத்தில் 1916-ல் பிறந்த அந்தோனியோ சேவியர் வாஸ், 'சிக் சாக்லேட்' என்ற மேடைப் பெயரோடு டிரம்பெட் வாசித்தார். ஆம்ஸ்ட்ராங்கைப் போலவே வாசித்து, அவரைப் போலவே கரகரத்த குரலில் பாடி, 'இந்தியாவின் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்' எனப் பெயர் வாங்கினார். கிளாரினெட்டும் சாக்ஸபோனும் வாசித்த மிக்கி கொரியா, தாஜில் மட்டும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் குழு நடத்தினார். ஒரே மேடையில் இருபது ஆண்டுகள்! அந்தக் குழுவில் வந்து வாசித்துப் பழகிப் பிறகு தனிக் குழு தொடங்கியவர்கள் ஏராளம். நிலையான சம்பளமும் நிலையான மேடையும் கிடைத்தால் ஒரு கலை எப்படி வேரூன்றும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

போர்க்கால கொல்கத்தா

இரண்டாம் உலகப்போர் ஜாஸைக் கிழக்கே தள்ளியது. ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்த 1942-ல், ரங்கூனிலிருந்து அகதிகளாக வந்தவர்களில் வாத்தியக்காரர்களும் இருந்தார்கள். கிளாரினெட் கலைஞர் ரூபன் சாலமன், கிட்டார் வாசித்த செட்ரிக் வெஸ்ட் இருவரும் அந்த வழியில் வந்தவர்களே. கொல்கத்தா நகரம் நேச நாட்டுப் படைவீரர்களால் நிரம்பியது. சௌரங்கியின் கிராண்ட் ஹோட்டலில் டெடி வெதர்ஃபோர்ட் குழு நடத்தினார். அமெரிக்கர், பர்மியர், கோவாக்காரர், ஆங்கிலோ இந்தியர் என்று பல தேசத்தவர் ஒரே மேடையில் உட்கார்ந்த அந்தக் குழு கொல்கத்தாவில் இசைத்தட்டுகளும் பதிவுசெய்தது.

அதே சமயம் வங்காளம் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தது. 1943 பஞ்சத்தில் மாண்டவர்கள் சுமார் 30 லட்சம் என்பது பல ஆய்வாளர்களின் மதிப்பீடு. சோற்றுக் கஞ்சி கேட்டு நகரத் தெருக்களில் விழுந்து கிடந்தவர்களைக் கடந்துதான் நடன அரங்குக்குப் போக வேண்டியிருந்தது. ஜாஸ் இந்தியாவில் யாருடைய இசையாக நுழைந்தது என்பதை இந்தக் காட்சி சொல்கிறது. அடிமைகளின் வாரிசுகள் உருவாக்கிய இசை இங்கே அதிகாரத்தின் விருந்து மண்டபத்தில் வந்து உட்கார்ந்தது. அதில் வாசித்தவர்களின் குற்றம் எதுவுமில்லை. ஆனால் சாமானிய மக்களோடு அந்த இசைக்கு உறவு ஏற்படாமல் போனதற்கு அந்த மண்டபங்களும் ஒரு காரணம்.

வெதர்ஃபோர்டுக்கு அந்த நகரமே கடைசி ஊரானது. 1945 ஏப்ரலில் காலரா கண்டு கொல்கத்தாவில் இறந்தார். வயது 41.

பார்க் ஸ்ட்ரீட்டின் இரவுகள்

சுதந்திரத்துக்குப் பின் மும்பையில் மதுவிலக்கு வந்தது. 1949-ல் இயற்றப்பட்ட சட்டம் இரவு விடுதிகளின் வருமானத்தில் கை வைத்தது. சர்ச்கேட் பகுதி ரெஸ்டாரன்ட்டுகள் காபியையும் கேக்கையும் நம்பி இசையைத் தொடர்ந்தன. அம்பாசடர் ஹோட்டலில் பியானோ கலைஞர் டோனி பிண்டோ, அஸ்டோரியா ஹோட்டலின் 'வெனிஸ்', கேலார்டு என்று ஒரே தெருவில் அடுத்தடுத்து வாத்தியம் கேட்டது. ஒரு குழுவுக்கு இடைவேளை விட்டதும் அதிலிருந்தவர்கள் எதிர் ஹோட்டலுக்குப் போய் இன்னொரு குழுவைக் கேட்கலாம். இந்த நெருக்கம்தான் ஒரு நகரத்தின் இசைக்கு உரம்.

கொல்கத்தாவில் பார்க் ஸ்ட்ரீட் அதைவிடப் பிரகாசமாக இருந்தது. 1956-ல் மொகாம்போ திறந்தது. 1959-ல் ட்ரிங்காஸ் பழைய தேநீர் விடுதியிலிருந்து இசை ஒலிக்கும் ரெஸ்டாரன்ட்டாக மாறியது. புளூ ஃபாக்ஸ், மூலான் ரூஜ், மேக்னோலியா என ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் அத்தனை மேடைகள். மொகாம்போவில் பாடிய பாம் கிரெய்ன் 'பார்க் ஸ்ட்ரீட்டின் ராணி' ஆனார். சாக்ஸபோனில் கோவாவின் பிராஸ் கோன்சால்வ்ஸ். பியானோவில் லூயிஸ் பேங்க்ஸ்.

பேங்க்ஸின் கதை தனியாகச் சொல்லத்தக்கது. 1941-ல் டார்ஜிலிங்கில் ஒரு நேபாளிக் குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் டம்பர் பகதூர் புடாப்ரிதி. டிரம்பெட் கலைஞரான தந்தை தன் பெயரை ஜார்ஜ் பேங்க்ஸ் என்று மாற்றிக்கொண்டு, ஆம்ஸ்ட்ராங் மீதிருந்த பக்தியால் மகனுக்கு லூயிஸ் என்று பெயர் சூட்டினார். அந்த மகன் புளூ ஃபாக்ஸில் பாம் கிரெய்னோடும் பிராஸோடும் இரவு இரவாக வாசித்து வளர்ந்தார். அங்கே கேட்டுத்தான் இசையமைப்பாளர் ஆர்.டி. பர்மன் அவரை மும்பைக்கு அழைத்தார். தூர்தர்ஷன் காலத்து இந்தியர் அனைவரும் அறிந்த 'மிலே சுர் மேரா துமாரா' பாடலுக்கு 1988-ல் இசை ஒருங்கிணைப்பு செய்தவரும் இவரே. அவர் பியானோ வாசித்த 'மைல்ஸ் ஃப்ரம் இந்தியா' ஆல்பம் பின்னாளில் கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

ட்ரிங்காஸின் மேடையில் தமிழ்க் குடும்பத்துப் பெண்ணும் ஒருவர் நின்றார். இன்று உஷா உதூப் என்று நாம் அறியும் உஷா ஐயர். 1969-ல் சென்னை மவுண்ட் ரோடு சஃபயர் தியேட்டர் வளாகத்தில் இயங்கிய 'நைன் ஜெம்ஸ்' இரவு விடுதியில் அவர் பாடத் தொடங்கினார். இரவு விடுதிப் பாடகி என்றால் கவுன் அணிய வேண்டும் என்றிருந்த காலம். பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, பெரிய பொட்டோடு மைக் முன்னால் நின்று கணீரென்று பாடினார். அந்தத் துணிச்சலோடுதான் கொல்கத்தா போனார்; அந்த ஊர் அவரைத் தன் மகளாகவே வைத்துக்கொண்டது.

1960-களின் பிற்பகுதியில் காற்று மாறியது. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கப்பலேறின. வாசிப்பவர்களும் கேட்பவர்களும் ஒன்றாகக் குறைந்தார்கள். நக்சல் இயக்கமும் அடக்குமுறையும் நகரத்தின் இரவுகளை அச்சத்தில் ஆழ்த்தின. தொழில்கள் வெளியேறின. மின்வெட்டு தினசரி நிகழ்வானது. நேரடி இசை நடத்தும் விடுதிகள் மேல் விதிக்கப்பட்ட பொழுதுபோக்கு வரி மிச்சமிருந்த தெம்பையும் உறிஞ்சியது. வாத்தியக் குழு வைத்தால் வரி, இசைத்தட்டு போட்டால் செலவு மிச்சம் என்ற நிலையில் முதலாளி எதைத் தேர்ந்தெடுப்பார்? மேடைகள் ஒவ்வொன்றாகச் சாப்பாட்டு மேசைகள் ஆயின.

பகலில் ஸ்டூடியோ

மேடை சுருங்கியபோது கோவாக் கலைஞர்களுக்குச் சோறு போட்டது இந்தி சினிமா. உண்மையில் அந்த உறவு 1940-களிலேயே தொடங்கிவிட்டது. இசையமைப்பாளர் ஹார்மோனியத்தில் மெட்டு போடுவார். ஐம்பது அறுபது வாத்தியங்களுக்கு அதைப் பிரித்து, யார் எந்த இடத்தில் எதை வாசிப்பது என்று காகிதத்தில் எழுதித் தர ஒருவர் வேண்டும். மேற்கத்திய குறிப்பு எழுதத் தெரிந்த கோவாக்காரர்தான் அந்த ஒருவர். 'அரேஞ்சர்' என்பது அவர் பதவி; படத்தின் டைட்டிலில் பெரும்பாலும் அவர் பெயர் இருக்காது.

சி. ராமச்சந்திராவுக்கு உதவியாக சிக் சாக்லேட் இருந்தார். 1951-ல் வந்த 'அல்பேலா' படத்தின் துள்ளலில் அவருடைய கைவண்ணம் உண்டு. லாகூரில் ஹோட்டல் குழு நடத்தி, பிரிவினையால் மும்பை வந்த செபாஸ்டியன் டிசோசா, சங்கர் ஜெய்கிஷனின் பாடல்களுக்கு வயலின்களின் அந்தக் கம்பீர அலையைத் தந்தார். 1968-ல் சங்கர் ஜெய்கிஷன் வெளியிட்ட 'ராகா ஜாஸ் ஸ்டைல்' என்ற இசைத்தட்டில் ராகங்களும் ஜாஸ் வாத்தியங்களும் ரயீஸ் கானின் சிதாரோடு உரையாடின. அந்தோனி கோன்சால்வ்ஸ், இசையமைப்பாளர் பியாரேலாலுக்கு வயலின் சொல்லிக்கொடுத்த ஆசான். 1958-ல் இந்தியன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஒன்றையும் நிறுவினார். 1977-ல் 'அமர் அக்பர் அந்தோணி' படத்தில் அமிதாப் பச்சன் திரையில் பாடும் பாட்டில் வரும் பெயர், மாணவர் தன் குருவுக்குச் செலுத்திய காணிக்கை. நாடே அந்தப் பெயரைப் பாடியது. அப்படி ஒருவர் உண்மையிலேயே இருந்தார் என்பது பெரும்பாலானோருக்குத் தெரியாது.

பகல் முழுவதும் ஸ்டூடியோவில் ஒரே வரியைப் பத்து முறை வாசித்தவர்கள், இரவில் ஹோட்டல் மேடையில் தாங்கள் விரும்பியதை வாசித்தார்கள். சம்பளம் ஸ்டூடியோவில்; ஆத்ம திருப்தி மேடையில். ஸ்டூடியோக்களில் சிந்தசைசர் வந்து, அறுபது பேர் செய்த வேலையை ஒருவர் செய்யத் தொடங்கியதும், பகல் வேலையும் போயிற்று. கோவாவுக்குத் திரும்பியவர்களில் பிராஸ் கோன்சால்வ்ஸும் ஒருவர்.

மேடையும் ஸ்டூடியோவும் சேர்ந்து ஒருவரை எப்படி உயர்த்தும், எப்படிக் கைவிடும் என்பதற்கு லோர்னாவின் வாழ்வு சாட்சி. கிறிஸ் பெர்ரியின் குழுவில் மும்பை மேடைகளில் பாடி, கொங்கணி மொழிக்கே ஜாஸ் வாசனையோடு ஒரு புதிய பாட்டைத் தந்த லோர்னா கார்டெய்ரோ, பிறகு பல ஆண்டுகள் பாடாமலே இருந்தார். 1990-களில்தான் மேடைக்குத் திரும்பினார். பர்த்ராய் பரேட்டோ இயக்கிய 'நாச்சோம்-யா கும்பாசர்' என்ற கொங்கணிப் படம் அந்தத் தலைமுறையின் காதலையும் காயத்தையும் அடிப்படையாகக் கொண்டது.

ஒரு ஜாஸ் கச்சேரியை எப்படிக் கேட்பது?

கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய காதுக்கு ஜாஸ் அந்நியமில்லை. நால்வர் மேடையில்: பியானோ, சாக்ஸபோன், பேஸ், டிரம்ஸ். முதலில் எல்லோரும் சேர்ந்து பாட்டின் மெட்டை ஒருமுறை வாசிப்பார்கள். அந்த மெட்டுக்கு ஒரு சுற்று உண்டு. பெரும்பாலும் 32 பார்கள், புளூஸ் என்றால் 12. அந்தச் சுற்று பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்க, ஒவ்வொருவராகத் தங்கள் கற்பனையை விரிப்பார்கள். நம்முடைய நிரவலையும் கற்பனை ஸ்வரத்தையும் போல, எழுதிவைக்காத இசை அது. மேடையிலேயே பிறப்பது.

டிரம்ஸ் கலைஞரின் வலக்கை தட்டும் பெரிய சிம்பலைக் கவனியுங்கள். காலப்பிரமாணம் அங்கேதான் இருக்கிறது. பேஸ் வாசிப்பவர் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு ஸ்வரமாக நடந்துபோவார். பாட்டு முடியும் தறுவாயில் சாக்ஸபோன் நான்கு பார் கேள்வி கேட்கும், டிரம்ஸ் நான்கு பார் பதில் சொல்லும். மிருதங்கமும் கடமும் தனி ஆவர்த்தனத்தில் மாறி மாறி வாசிப்பதை ரசித்தவருக்கு அந்த இடம் உடனே புரியும். எல்லோரும் மறுபடி மெட்டுக்குத் திரும்புவதோடு பாட்டு முடிகிறது. நல்ல தனிவாசிப்பு முடிந்ததும், பாட்டு நடுவிலேயே கைதட்டலாம். வாசித்தவர் அதை எதிர்பார்க்கிறார்.

யாத்திரை என்ற பெயரில் ஒரு சபா

அமெரிக்க அரசு 1950-களின் நடுவிலிருந்து ஜாஸ் கலைஞர்களை நல்லெண்ணத் தூதர்களாக உலகம் சுற்ற அனுப்பியது. பனிப்போரில் அதுவும் ஓர் ஆயுதம். 1958-ல் டேவ் புரூபெக்கின் குழு மும்பை, டெல்லி, கொல்கத்தாவோடு சென்னைக்கும் வந்தது. மும்பையில் சிதார் கலைஞர் அப்துல் ஹலீம் ஜாஃபர் கானோடு புரூபெக் வாசித்தார். 1963-ல் டியூக் எலிங்டன் வந்தார். 1964-ல் ஆம்ஸ்ட்ராங்கே மும்பையில் வாசித்தார். அரங்கு நிரம்பியது. ஆனால் விருந்தாளி வந்து போவதால் மட்டும் வீட்டில் அடுப்பெரிவதில்லை.

சொந்த அடுப்பை மூட்டியவர் நிரஞ்சன் ஜவேரி. 1952-லேயே 'புளூ ரிதம்' என்ற ஜாஸ் பத்திரிகை நடத்திய மும்பை ரசிகர். 'ஜாஸ் இந்தியா' அமைப்பின் மூலம் 1978 பிப்ரவரியில் முதல் 'ஜாஸ் யாத்ரா' விழாவை நடத்தினார். இடம், தோபி தலாவ் அருகே ரங் பவன் திறந்தவெளி அரங்கு. சானி ரோலின்ஸ் வந்தார், கிளார்க் டெர்ரி வந்தார். ரோலின்ஸுக்கு மும்பை புதிதல்ல. 1960-களின் பிற்பகுதியில் பொவாயில் சுவாமி சின்மயானந்தரின் ஆசிரமத்தில் சில மாதங்கள் தங்கி வேதாந்தம் படித்தவர். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடந்த அந்த விழாவில், சாப்பாட்டுத் தட்டின் சத்தம் இல்லாமல், வானத்தின் கீழே கல்படிகளில் உட்கார்ந்து, இசையை மட்டுமே கேட்க ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். இந்தியாவில் ஜாஸுக்கென்று ஒரு சபா இருந்தது என்றால் அது ரங் பவன்தான்.

அந்த மேடையும் நிலைக்கவில்லை. 2000-ல் வந்த ஒலி மாசு விதிகள் மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டரை அமைதிப் பகுதியாக்கின; திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. ரங் பவனைச் சுற்றி மருத்துவமனைகளும் செயின்ட் சேவியர்ஸ் கல்லூரியும் இருந்தன. நோயாளிகளுக்கு அமைதி வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆனால் ஒன்றை மூடிய நகரம், அதற்கு ஈடாக இன்னொன்றைக் கட்டித் தரவில்லை.

தெற்கின் பங்கு

ஜாஸ் யாத்ரா விட்டுச்சென்ற நல்ல விளைவுகளில் ஒன்று தென்னிந்தியத் தாளத்தோடு அது ஏற்படுத்திய உறவு. பெங்களூரு கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷனின் ஆர்.ஏ. ரமாமணி, லூயிஸ் பேங்க்ஸோடும் பிராஸ் கோன்சால்வ்ஸோடும் ஸ்வரம் பாடினார். அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோவோடு அந்தக் காலேஜ் குழு செய்த 'ஜோதி' என்ற ஆல்பம் 1983-ல் வெளிவந்தது. அதற்கு முன்பே ஜான் மெக்லாக்லின், எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயகராம் சேர்ந்த 'சக்தி' குழு, கடத்தின் ஓசையை உலகத்து ஜாஸ் ரசிகர்களிடம் கொண்டுபோயிருந்தது. விநாயகராமின் மகன் செல்வகணேஷ் இடம்பெற்ற புதிய 'சக்தி'யின் ஆல்பம் 2024-ல் கிராமி விருது வென்றது.

சென்னைக்கு அருகே கிழக்குக் கடற்கரைச் சாலையில், கிட்டார் பிரசன்னா தலைமையில் 2010-ல் தொடங்கிய ஸ்வர்ணபூமி அகாடமி ஆஃப் மியூசிக், நாடெங்கிலுமிருந்து இளைஞர்களைச் சேர்த்து ஜாஸும் கர்நாடகத் தாளமும் ஒருசேரக் கற்பித்தது. மேடையில் மட்டுமே கைமாறிவந்த வித்தை வகுப்பறைக்கு வந்த காலம் இது. மும்பையிலும் அப்படிப்பட்ட பள்ளிகள் வந்தன. இப்போது இந்தியாவில் ஜாஸ் வாசிக்கத் தெரிந்த இளைஞர்கள் முன்னெப்போதையும்விட நன்றாகப் படித்தவர்கள். வாசிக்க இடம் எங்கே என்பதுதான் அவர்கள் கேள்வி.

இன்றைய மேடைகள்

2007-ல் மும்பை லோயர் பரேலில் ஒரு பழைய மில் வளாகத்தில் 'புளூ ஃப்ராக்' திறந்தது. 1982 வேலைநிறுத்தத்துக்குப் பின் ஓய்ந்துபோன ஆலைகளின் பூமி அது. நல்ல ஒலியமைப்பு, மேடையை நோக்கி அமைந்த இருக்கைகள், வாரம் முழுவதும் நேரடி இசை. ஒரு தலைமுறை மும்பைக் கலைஞர்கள் அங்கே தங்களைக் கண்டுகொண்டார்கள். 2016-ல் அதுவும் மூடியது. ஒன்பது ஆண்டுகள், தாஜில் மிக்கி கொரியாவுக்குக் கிடைத்த காலத்தில் பாதிகூட இல்லை.

கொல்கத்தாவில் ட்ரிங்காஸில் இன்றும் இசை ஒலிக்கிறது. 'காங்கோ ஸ்கொயர்' அமைப்பு டல்ஹௌசி இன்ஸ்டிடியூட்டில் ஜாஸ் விழா நடத்திவருகிறது. பீபாப் என்ற ஜாஸ் பாணியில் வாசித்த நகரத்தின் கிட்டார் கலைஞர் கார்ல்டன் கிட்டோ 2016-ல் மறையும்வரை வாசித்தார், கற்பித்தார். புகழும் பணமும் தராத ஒரு பாணியை, ஊரே மறந்த பிறகும் விடாமல் பிடித்திருந்த மனிதர். 'ஃபைண்டிங் கார்ல்டன்' என்ற ஆவணப்படம் அவரைத் தேடிப்போகும் வழியில் இந்திய ஜாஸின் வரலாற்றையே சொல்கிறது. டெல்லியில் 2015-ல் தொடங்கிய 'தி பியானோ மேன்' ஜாஸ் கிளப்பும், பெங்களூரு ஒயிட்ஃபீல்டின் 'விண்ட்மில்ஸ் கிராஃப்ட்வொர்க்ஸ்' அரங்கும் இசைக்காக வருபவர்களை வளர்க்கின்றன. மும்பையின் என்.சி.பி.ஏ. கலை மையம் ஆண்டுதோறும் ஜாஸ் விழா நடத்துகிறது. யுனெஸ்கோ அறிவித்த சர்வதேச ஜாஸ் தினமான ஏப்ரல் 30-ல் பல நகரங்களில் கச்சேரிகள் நடக்கின்றன.

விழாக்கள் வேண்டும். ஆனால் விழாவில் ஒரு கலைஞர் ஏற்கெனவே தெரிந்ததை வாசித்துக் காட்டுகிறார். வாராந்தர மேடையில்தான் தெரியாததை முயன்று பார்க்கிறார். தவறலாம், அடுத்த வாரம் திருத்திக்கொள்ளலாம். பேங்க்ஸும் பாம் கிரெய்னும் விழாக்களில் உருவாகவில்லை. திங்கள், செவ்வாய் என்று பார்க்காமல் ஒரே மேடையில் ஏறியதால் உருவானார்கள். இன்றைய இளம் கலைஞரோ மாதத்தில் இரண்டு கச்சேரி கிடைத்தால் அதிகம் என்கிற நிலையில், கல்யாண வரவேற்புகளிலும் கார்ப்பரேட் விருந்துகளிலும் வாசித்து, குழந்தைகளுக்கு வகுப்பெடுத்து வாடகை கட்டுகிறார்.

என்ன செய்யலாம்?

மூன்று காரியங்களை வலியுறுத்த விரும்புகிறேன். முதலாவது, நேரடி இசை நடத்தும் சிறிய அரங்குகளை நகர நிர்வாகங்கள் மதுக்கடையின் ஒட்டுவாலாகப் பார்ப்பதை நிறுத்த வேண்டும். ஒலி வெளியே கசியாத நூறு இருக்கை அரங்குக்குத் தனி உரிமமும் வரிச்சலுகையும் கொடுத்தால், மது விற்பனையை நம்பாமலே அது பிழைக்க வழி பிறக்கும். மூடிய மில்களும், பகலில் மட்டும் இயங்கும் கலாசார மையங்களும், கல்லூரி அரங்குகளும் மாலையில் சும்மா கிடக்கின்றன.

இரண்டாவது, வரலாற்றைப் பதிவுசெய்ய வேண்டும். நரேஷ் ஃபெர்னாண்டஸ் 2012-ல் எழுதிய 'தாஜ் மஹால் ஃபாக்ஸ்டிராட்' புத்தகம் மும்பையின் ஜாஸ் காலத்தை மறதியிலிருந்து மீட்டது. நாம் முணுமுணுக்கும் பழைய இந்திப் பாடல்களின் வயலின் அலைகளையும் டிரம்பெட் முழக்கத்தையும் எழுதிய அரேஞ்சர்களின் பெயர்கள் பாடலுக்குப் பாடல் ஆவணமாக வேண்டும். அவர்களுடைய கையெழுத்துக் குறிப்புகள் வீட்டுப் பரண்களில் செல்லரிப்பதற்குள் அந்த வேலை நடக்க வேண்டும். சென்னைத் திரையிசை ஸ்டூடியோக்களில் வாசித்த ஆங்கிலோ இந்திய, கோவாக் கலைஞர்களுக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது, சென்னைக்கான கோரிக்கை. சபா என்ற ஏற்பாட்டை நூறாண்டுக்கு முன்பே கட்டியெழுப்பிய நகரம் இது. கலைஞருக்கு நாள் குறித்து மேடை தருவது, உறுப்பினர் சந்தா வாங்குவது, மாலைக் கச்சேரியில் இளையவருக்கு வாய்ப்பளித்து மெல்ல மெல்ல மேலே ஏற்றுவது எல்லாம் நமக்குக் கைவந்தவை. மிருதங்கமும் கடமும் ஜாஸோடு சேர்ந்து உலகம் சுற்றிவிட்ட பின், டிசம்பரில் ஆயிரம் கச்சேரி நடத்தும் ஊரால் மற்ற மாதங்களில் வாரத்துக்கு ஒரு மாலையை ஜாஸுக்கு ஒதுக்க முடியாதா? ஒரு சபா, ஒரு சிறிய அரங்கு, மாதம் நான்கு கச்சேரி, கட்டுப்படியாகும் டிக்கெட். தொண்ணூறு ஆண்டுகளாக இந்திய ஜாஸுக்கு நிலையாகக் கிடைக்காத ஒன்றை முதலில் கொடுத்த ஊர் என்ற பெருமையைச் சென்னை எடுத்துக்கொள்ளலாம். வாசிப்பவர்கள் தயாராக இருக்கிறார்கள். கேட்பவர்களாகிய நாம்தான் இருக்கையில் போய் உட்கார வேண்டும்.